"நாளிதழ்ச் செய்திகள் கிடைக்கவில்லை" என்று எழுதுவதற்கு முன்

இந்தக் கல்வியாண்டிலும் ஒரு முதுகலை வரலாற்று மாணவியின் ஆய்வேட்டில் அதே வாக்கியத்தைப் படிக்க நேர்ந்தது: "இந்நிகழ்வு குறித்த அக்கால நாளிதழ்ச் செய்திகள் கிடைக்கவில்லை." நிகழ்வு, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயல். பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோன பேரழிவை நாளிதழ்கள் எழுதாமல் விட்டிருக்குமா என்ற ஐயம் அவருக்கும் எழவில்லை, கையொப்பமிட்ட நெறியாளருக்கும் எழவில்லை. எங்கே தேடினீர்கள் என்று கேட்டால், ஆண்டுதோறும் கேட்கும் அதே விடைதான்: கூகுள்.

கூகுள் காட்டுவது பெரும்பாலும் இணையத்தில் திறந்து கிடக்கும் பக்கங்களை. 1964ஆம் ஆண்டு நாளிதழ் இணையத்துக்காக எழுதப்பட்டதன்று. தாளில் அச்சாகி, சில நூலகங்களில் கட்டுகளாகத் தைக்கப்பட்டு, சில இடங்களில் நுண்படச்சுருளாகி (மைக்ரோஃபிலிம்), அவற்றுள்ளும் ஒரு பகுதியே கணினிக்கு வந்திருக்கிறது. அப்படி வந்ததிலும் பெரும்பகுதி சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே திறக்கும் தரவுத்தளங்களுக்குள் இருக்கிறது. ஆகவே கூகுளில் வரவில்லை என்பது கூகுளைப் பற்றிய செய்தியே தவிர நாளிதழைப் பற்றிய செய்தி அன்று. இதனினும் வருத்தம் தருவது, கல்லூரி ஏற்கெனவே சந்தா கட்டியுள்ள கட்டுரைக்கு மாணவர்கள் தம் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து நிற்பது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்கு மின்வளங்களைத் தர நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், நூலகரிடம் பெயர் பதிந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெற்று, வீட்டிலிருந்தே பயன்படுத்தலாம். ஆனால் அங்கிருப்பவை பெரும்பாலும் ஆய்விதழ்களும் மின்னூல்களும். நாளிதழை அங்கே தேடி ஏமாற வேண்டாம். டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் 1838 முதலான பக்கங்கள் பிரோக்வெஸ்ட் தரவுத்தளத்தில் உள்ளன. அதற்குச் சந்தா கட்டும் பல்கலைக்கழக நூலகத்துக்குச் செல்ல விரும்பினால், அறிமுகக் கடிதம் தருவது கல்லூரி நூலகர்களாகிய எங்கள் வேலைகளுள் ஒன்று, கேட்கத்தான் ஆளில்லை.

உள்ளே நுழைந்த பின், முழுக் கேள்வியையும் தேடல் பெட்டியில் எழுதாதீர்கள். இரண்டு மூன்று சொற்களும் ஒரு கால எல்லையும் போதும். அந்தக் காலத்துப் பெயர்களையே இடுங்கள்: 1964இல் தமிழ்நாடு மெட்ராஸ் மாநிலம், இலங்கை சிலோன். தனுஷ்கோடியின் ஆங்கில எழுத்துக்கோவையை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்ப்பதோடு, பாம்பன், ராமேஸ்வரம், மண்டபம் என்றும் தேடுங்கள். தொடர்புகள் அறுந்துபோன தீவிலிருந்து செய்தி உடனே வந்திருக்காது என்பதால், மறுநாள் இதழோடு நிறுத்தாமல் ஜனவரி நடுப்பகுதிவரை பார்க்க வேண்டும். இதழ்களின் பெயரும் மாறும்: எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி 1966இல்தான் அப்பெயர் பெற்றது, அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு 1949இல் தொடங்கிய எக்கனாமிக் வீக்லியைத் தேட வேண்டும்.

பழைய தமிழ் இதழ்களில் சொல் தேடலை நம்ப வேண்டாம். மங்கிய அச்சையும் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களையும் கணினி பிழையாகவே படிக்கிறது. தேதியைக் கொண்டு இதழைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி. அந்தப் புயல் வட இலங்கையையும் தாக்கியது. யாழ்ப்பாணத்து ஈழநாடு முதலிய பழைய இதழ்கள் பலவற்றை, இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் காக்கும் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் காணலாம். சென்னையில், பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. என்ன வேண்டும் என்பதைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் வந்த கத்தரித்த செய்திப் படத்தைச் சான்றாக ஒட்டாதீர்கள். இதழின் பெயர், பதிப்பு நகரம், தேதி, பக்க எண் ஆகிய நான்கும் இல்லாத துணுக்கை நான் சரிபார்க்கவும் முடியாது, தேர்வாளர் ஏற்கவும் மாட்டார். இந்த நான்கையும் செய்தியைக் கண்ட அக்கணமே குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஆய்வேட்டைப் பைண்டிங் செய்யக் கொடுக்கும் நாளன்று பக்க எண் கேட்டு வருபவருக்கு என்னால் உதவ இயலாது.