கட்-ஆஃப் முடிந்த பிறகு மூளை எதற்காக ஓடும்?

பொறியியல் படிப்பில் சேர நினைக்கும் பிளஸ் டூ மாணவனுக்கு ஓர் எண்தான் உலகம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப். வீடு, பள்ளி, டியூஷன் எல்லாம் இரண்டு ஆண்டுகளாக அதைச் சுற்றியே இயங்குகின்றன. கலந்தாய்வில் இடம் கிடைத்த மறுநாளே அந்த எண்ணுக்கு வேலை இல்லாமல் போகிறது. மூன்றாவது செமஸ்டரில் வெப்ப இயக்கவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படித்த பக்கத்தையே மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறான் அதே மாணவன். ஹாஸ்டல் காற்று பட்டுச் சோம்பேறியாகிவிட்டான் என்பது வீட்டின் தீர்ப்பு. எதையும் விளக்காத தீர்ப்பு அது.

உளவியலாளர் கோ முராயாமாவும் அவருடைய ஜப்பானிய சகாக்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நெருக்கமானது. ஸ்டாப்வாட்ச் ஓடும், சரியாக 5 விநாடியில் அதை நிறுத்த வேண்டும். 0.05 விநாடிக்கு மேல் முன்னே பின்னே போனால் தோல்வி. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், கையில் எடுத்தால் விடமுடியாத விளையாட்டு. ஒரு குழுவுக்கு ஒவ்வொரு வெற்றிக்கும் பணம் என்று சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. மூளை ஸ்கேனரில் படுத்தபடி இரு குழுவினரும் விளையாடினார்கள். ஜெயிக்கும்போதெல்லாம் மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற, வெகுமதியை உணரும் பகுதி இரு குழுவினரிடமும் சுறுசுறுப்பானது. பணம் வாங்கியவர்களிடம் கூடுதலாக.

இரண்டாவது சுற்றில் யாருக்கும் பணம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முதலிலிருந்தே சும்மா விளையாடியவர்களின் மூளை பழையபடி துடிப்பாகவே இருந்தது. பணத்துக்காக விளையாடியவர்களிடம் அந்தத் துடிப்பு ஏறக்குறைய அடங்கிவிட்டது. இடைவேளையில் அவர்களாக விரும்பி விளையாடிய நேரமும் மற்றவர்களைவிடக் குறைவு. விளையாட்டு அதேதான், திறமையும் அதேதான். எதற்காக ஜெயிக்க வேண்டும் என்ற கேள்விக்கு மூளையிடம் இருந்த பதில் மட்டும் காணாமல் போயிருந்தது.

எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-லேயே, புதிர்க் கட்டைகளை வைத்துக் கல்லூரி மாணவர்களிடம் இதே போக்கைப் பார்த்திருக்கிறார். மதிப்பெண்ணும் பணமும் ஒன்றல்ல என்று வாதிடலாம், நியாயம்தான். ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் வெளியிலிருந்து ஒரு விலை ஒட்டிக் கொடுத்துவிட்டு, பதினெட்டு வயதில் திடீரென விலைச்சீட்டைக் கிழித்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று ரீல்ஸ்களில் ஓயாமல் அடிபடும் பெயர். 'டோபமைன் டீடாக்ஸ்', அதாவது டோபமைன் நச்சு நீக்கம், என்று ஒன்றையும் விற்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து இறக்கிவிடக்கூடிய அழுக்கா அது? டோபமைன் கிட்டத்தட்ட முழுதும் அகற்றப்பட்ட எலியின் நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டாலும் அது ரசித்து நாக்கைச் சுழற்றுகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் காட்டினார். ருசி போகவில்லை. போனது, எழுந்து போய் எடுத்துக்கொள்ளும் நாட்டம்.

அந்த நாட்டத்தை அளந்து பார்த்தவர் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜான் சலமோன். 1990-களில் அவர் எலிகளை டி வடிவப் பாதையில் விட்டார். ஒரு கிளையின் முடிவில் 4 உணவு வில்லைகள், ஆனால் வழியில் 44 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடுப்பு. மறு கிளையில் 2 வில்லைகள்தான், தடுப்பு ஏதும் இல்லை. இயல்பான எலிகள் பெரும்பாலும் தடுப்பில் ஏறிக் குதித்து நான்கையும் தின்றன. மூளையில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற இடத்தில் மட்டும் டோபமைனைக் குறைத்தபோது, அவை இரண்டே போதும் என்று திரும்பிவிட்டன. பசி இருந்தது. தடுப்பை எடுத்துவிட்டால் நான்கு வில்லைப் பக்கமே ஓடின. எனவே அதிகம் எது, குறைவு எது என்பதிலும் குழப்பம் இல்லை. இத்தனை பாடுபட்டு ஏறுவது தகுமா என்ற கணக்குதான் மாறியிருந்தது.

நான் மிகவும் மதிப்பது இதன் கடைசிப் பகுதியை. சுலபமான கிளையில் இருந்த 2 வில்லைகளையும் எடுத்துவிட்டால், டோபமைன் குறைந்த அதே எலிகள் தடுப்பில் ஏறின. ஏற முடியாமல் அவை முன்பு திரும்பிப் போகவில்லை. பக்கத்திலேயே மலிவாக ஒன்று கிடைத்ததால் போயின. விடுதி அறையில் புத்தகத்துக்கு அருகே மல்லாந்து கிடக்கும் செல்போன் அந்த இரண்டு வில்லை. அதை வென்றுகாட்ட மன உறுதியைத் திரட்டுவதைவிட, அறையிலேயே விட்டுவிட்டு நூலகத்துக்கு நடந்துவிடுவது அறிவியல்படி கெட்டிக்காரத்தனம்.

அரியர் சேர்ந்தவர்களின் நிலை இன்னொரு வகை. தப்பவே முடியாத மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்களை, தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்ற பெட்டியில் விட்டபோது, பல நாய்கள் முயலாமல் படுத்துவிட்டன என்று உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-ல் எழுதினார்கள். அந்த இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்பது அப்போதைய விளக்கம். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-ல், அந்த விளக்கம் தலைகீழ் என்று அவர்களே அறிவித்தார்கள். நீடித்த துன்பத்தில் சுருண்டு படுப்பதுதான் மூளையின் இயல்பான எதிர்வினை. அதைக் கற்கத் தேவையில்லை. நாம் செய்வதற்குப் பலன் இருக்கிறது என்று நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி கண்டுகொள்ளும்போது, அந்தச் சுருண்டு படுத்தலை அது அடக்குகிறது. கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஐந்து தாளையும் ஒரே மூச்சில் முடித்துவிடு என்று அதட்டுவது இதற்கு உதவாது என்பது என் எண்ணம். உழைப்புக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரியும்படியாக ஒரே ஒரு தாள், அதிலும் ஒரு யூனிட், அந்த யூனிட்டில் தானே போட்டு விடை சரிபார்த்த பத்துக் கணக்குகள் என்றால் மூளைக்குச் சான்று கிடைக்கும். (இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலுமே நாட்டமின்றி, தூக்கமும் பசியும் குலைந்திருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.)

உழைக்கத் தயார், ஆனால் எந்தத் திசையில் என்பது அடுத்த திண்டாட்டம். உனக்கு எது பிடிக்கிறதோ அதைக் கண்டுபிடி என்று பட்டமளிப்பு விழா மேடைகளில் தவறாமல் சொல்கிறார்கள். அந்த அறிவுரைக்குள் ஒரு பொறி இருக்கிறது. பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கருந்துளைகளைப் பற்றிய சுவையான காணொளியை மாணவர்களுக்குக் காட்டினார்கள். எல்லோரும் சொக்கிப்போனார்கள். பிறகு அதே பொருளில் கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது நமக்குள் முன்பே முழுதாக ஒளிந்திருக்கிறது, தேடி எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று நம்பியவர்களுக்கு அந்த இடத்தில் ஆர்வம் சடாரென விழுந்தது. ஆர்வம் வளர்த்தால் வளரும் என்று நினைத்தவர்களிடம் அந்தச் சரிவு குறைவு. முதல் வகையினர் கஷ்டம் வந்தவுடன், அப்படியானால் இது என் துறை இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டில் கோடிங், ஆறு மாதம் கழித்து வங்கித் தேர்வு, பிறகு குடிமைப் பணி என்று தாவும் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான்.

கலந்தாய்வு கொடுத்த பிரிவிலேயே ஆர்வத்தை வளர்க்க முடியுமா என்று கேட்டால், ஓரளவு முடியும் என்பதற்குச் சான்று உண்டு. கிறிஸ் ஹல்லமன், ஜூடித் ஹராக்கிவிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு செமஸ்டர் முழுக்க அவ்வப்போது சில வரிகள் எழுதச் சொன்னார்கள். ஒரு பாதியினர் அறிவியல் பாடத்தின் சுருக்கத்தை எழுதினார்கள். மறுபாதியினர் அந்தப் பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்பதை. 2009-ல் வெளியான முடிவின்படி, எப்படியும் நமக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்த மாணவர்களிடம் இரண்டாவது வகை எழுத்து ஆர்வத்தையும் மதிப்பெண்ணையும் உயர்த்தியது. நன்றாக வரும் என்று ஏற்கெனவே நம்பியிருந்தவர்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் ஏதும் இல்லை.