கல்குவாரியில் ஜல்லி அள்ளும் பெண்ணுக்கும் அந்தச் சட்டம் உண்டு

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கத்து நிறுவனங்கள் சிலவற்றில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு வெளியிலிருந்து வரும் உறுப்பினராக இருக்கிறேன். தொழில் வக்கீல். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று போனால் அந்தக் குழு பேருக்காவது இருக்கும். குவாரிக்கும் ஜல்லி உடைக்கும் கிரஷருக்கும் போனால்தான், "எங்ககிட்ட லேடீஸ் ஸ்டாஃபே கிடையாதே மேடம்" என்பார்கள். முதலாளி அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே நாலைந்து பெண்கள் சும்மாடு கட்டி ஜல்லிக்கூடை தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

கேட்டால், அவர்கள் மேஸ்திரி கூட்டி வந்த ஆட்களாம். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தச் சாக்குக்கு இடமே இல்லை. தினக்கூலி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், முதலாளிக்கே தெரியாமல் வேலைக்கு வைக்கப்பட்டவர் எல்லாருமே அதன்படி பணியாளர்தான். பத்துப் பேர் வேலை பார்த்தால் குழு கட்டாயம். பத்துப் பெண்கள் இருந்தால்தான் என்று பல முதலாளிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிப்பர் டிரைவர், ஹிட்டாச்சி ஓட்டுபவர், வெடி வைப்பவர் எல்லாரையும் சேர்த்துத்தான் பத்து. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

சுரங்கத்தொழில் என்றால் நம் பக்கத்தில் பலருக்கும் சிவகங்கை கிராஃபைட்தான் ஞாபகம் வரும். கருங்கல் குவாரியும் அதே தொழில்தான். ஆனால் துன்புறுத்தல் நடக்கும் விதம் ஆபீசில் நடப்பதைப் போல இருக்காது. ஒரு விசாரணையைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி. அந்தப் பெண் பாலியல் புகார் என்று வரவே இல்லை. "நாள் முழுக்க நிக்கிறேன் வக்கீலம்மா, அரை நாளாப் போட்டுப்புடுறாக" என்று கூலிப் பிரச்சினையாகத்தான் வந்தார். வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தோம். மாதக்கணக்கில் முழுநாள் விழுந்துகொண்டிருந்த பெயருக்கு, ஒரு குறிப்பிட்ட வாரத்திலிருந்து அரைநாளும் ஆப்சென்ட்டும் மாறி மாறி விழுந்திருந்தது. அந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான் போனை எடுத்துக் காட்டினார். கணக்கு எழுதுகிறவரின் நம்பரிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் வரிசையாக அழைப்புகள். அந்த நம்பரை அவர் பிளாக் செய்த நாளுக்கும் முதல் அரைநாளுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமைக் கூலிப் பட்டுவாடாதான் இருந்தது.

இதை வெறும் கூலித் தகராறு என்று ஒதுக்க முடியாது. இணங்கினால் சலுகை, மறுத்தால் வேலையில் கெடுதல் என்பது பாலியல் துன்புறுத்தல்தான் என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவே சொல்கிறது. குவாரியில் கணக்கு நோட்டை யார் வைத்திருக்கிறாரோ அவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது. அதனால் வருகைப் பதிவை ஒருவர் கையில் மட்டும் விடாதீர்கள் என்றுதான் முதலாளிகளிடம் முதலில் சொல்வேன். சாயங்காலம் பதிவை வாசித்துக்காட்டி அவரவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள், கூலியை வங்கிக் கணக்கில் போடுங்கள். சுவரில் போஸ்டர் ஒட்டுவதைவிட இது நூறு மடங்கு பலன் தரும். போஸ்டரும் வேண்டும்தான், ஆனால் அதை லாரி எடை போடும் எடைமேடை ரூமுக்குள் இங்கிலீஷில் ஒட்டி என்ன பிரயோஜனம்? பெண்கள் அந்தப் படியே ஏறுவதில்லை.

பாகுபாடும் துன்புறுத்தலும் வேறு வேறு என்று பேசுகிறவர்கள் ஒருநாள் குவாரியில் நின்று பார்க்கலாம். மிஷின் ஆணுக்கு, கூடை பெண்ணுக்கு. சம வேலைக்குச் சம கூலி என்று 1976இலேயே சட்டம் வந்தும், பெண்ணைக் கூடையைத் தாண்ட விடாததால் ஒப்பிட்டுக் கேட்கவே வழியில்லை. எடைமேடையில் பில் போடப் படித்த பெண்ணை வைக்கலாமே என்றால், "ராத்திரி வேலைக்குச் சட்டம் விடாது" என்பார்கள். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இரவு ஏழு முதல் காலை ஆறு வரை பெண்களுக்குத் தடை போட்டிருந்தது உண்மைதான். 2019லேயே, எழுத்துப்பூர்வச் சம்மதமும் பாதுகாப்பும் இருந்தால் திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவிலும் வேலை கொடுக்கலாம் என்று மத்திய அரசு தளர்த்திவிட்டது. சரி, பகல் ஷிப்டில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டால் பதில் வராது. கழிப்பறையும் இதில் சேர்த்திதான். அது இல்லாத இடத்தில் பெண்கள் பாறைக்குப் பின்னால் போக வேண்டியிருக்கிறது, யாராவது பின்னாலேயே வந்துவிடுவார்களோ என்ற பயத்தோடு.

படிக்காத ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் இதெல்லாம் என்றார் ஒரு முதலாளி. உலகப் பெரிய சுரங்க நிறுவனங்களில் ஒன்றான ரியோ டின்டோ 2022இல் தானே வெளியிட்ட அறிக்கையில், ஐந்தாண்டுகளில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 28 சதவீதத்துக்கு மேல். அங்கே படிக்காத ஆட்கள் என்று சாக்குச் சொல்ல முடியுமா?

குழுத் தலைவராக வைக்க மூத்த பெண் யாரும் இல்லையே என்பது அடுத்த பேச்சு. அதே முதலாளிக்கு ரைஸ்மில்லோ லாட்ஜோ இருக்குமே, அங்கிருந்து நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது.

நம் ஊரில் இன்னொரு வழக்கம், "பேசி முடிச்சிரலாம்" என்று பெரிய மனிதர்கள் நடுவில் புகுந்து ஒரு தொகையைச் சொல்வது. சமரசம் அந்தப் பெண் கேட்டால் மட்டும்தான் பேசலாம். அதிலும் பணம் கைமாறக் கூடாது.

வேலை பார்க்கும் பெண்களுக்குச் சொல்ல வேண்டியவை. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக்கொடுப்பது குழுவின் பொறுப்பு. பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போங்கள். கலெக்டர் ஆபீசில் விசாரித்தால் வழி சொல்வார்கள், பெண்கள் உதவி எண் 181லும் கேட்கலாம். முதலாளி ஏற்பாடு செய்த வேனில் நடந்தாலும் அது வேலையிடம்தான். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை வேறிடத்துக்கு மாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். போலீசில் தனியாகவும் புகார் கொடுக்கலாம். நிரூபிக்க முடியாமல் போனால் அதற்காகவே பொய்ப்புகார் ஆகிவிடாது.

போனில் இருப்பது, கூலிச்சீட்டு, கூட வேலை பார்த்தவர் பெயர், கையில் எது இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள். பதிவேட்டை வரவழைக்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது.