ஹூலா: பாட்டு முதலில், பாதம் பிறகு

ஹவாய்த் தீவுகளின் ஆட்டமான ஹூலாவில் கைகள் காட்டுவது பாட்டின் பொருளை. பாட்டு புரியாத பிள்ளைக்கு அது வெறும் கையசைப்பு. அதனால்தான் காலடியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறோம்.

1830இல் அரசி காஅஹுமானு பொதுவெளியில் ஹூலாவைத் தடுத்தார். 1883இல் மன்னர் கலாகௌவா தம் முடிசூட்டு விழாவிலேயே ஆடவைத்தார். ஆட்டம் மீண்டது. ஆனால் 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தைப் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆக்கியபின் ஹவாய் மொழி வீடுகளிலும் தேய்ந்தது. அடவு தெரிந்து பாட்டு புரியாத தலைமுறைகள் வந்தது அப்படித்தான்.

வகுப்பு வாசலில் தொடங்கட்டும். பிள்ளைகள் வெளியே வரிசையாக நின்று, உள்ளே வர அனுமதி கேட்டு 'ஓலி' என்னும் ஓதல்பாட்டைப் பாட வேண்டும். ஆசிரியர் உள்ளிருந்து பதில் பாடிய பிறகே நுழைவு. ஓர் அடியை ஒரே மூச்சில் பாடப் பழக்குங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் சொல் உடையும். குறில் நெடில் பிசகினால் பொருளே மாறும்.

பாட்டுகளில் ஊர் நிறைய வரும். மனோவா பள்ளத்தாக்கின் மழைக்கு 'துவாஹினே' என்று பெயர், ஹிலோவின் மழைக்கு 'கனிலெஹுவா'. மனோவாப் பிள்ளைக்கு 'துவாஹினே' வரும் பாட்டடியை மழை நாளில் வெளியே நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள். மழையைக் காட்டும் விரல்கள் தாமாகவே மெல்ல இறங்கும்.

பிறகு உட்கார்ந்து ஆடும் ஹூலா. இதற்கு 'இலிஇலி' போதும்: நீரோட்டத்தில் தேய்ந்த எரிமலைக் கூழாங்கற்கள், கைக்கு இரண்டு. ஒன்று கட்டைவிரல் பக்கம் அசையாமல் நிற்க, மற்றதை நடுவிரல்கள் அதன்மேல் மோதும். கல் பெரிதானால் விரல் இறுகித் தோள் உயரும். கடையில் வாங்கும் பளபளப்பான கல் வழுக்கும். சின்னக் கைக்கு ஏற்றதைத் தேடுவதில் சோம்பல் வேண்டாம்.

தாளம் வாயில் ஏறிய பிறகே 'ஈபு' சுரைக்குடுவை. அடிப்பாகத்தைத் தரையில் இடித்தால் 'ஊ', விரலால் பக்கவாட்டில் தட்டினால் 'தே'. "ஊ, ஊ தே தே" என்று மிருதங்கச் சொற்கட்டுபோல முதலில் சொல்லிப் பழகட்டும். வெறும் சிமென்ட் தரையில் இடித்தால் குடுவை விரிசல் விடும். மடித்த துணி அவசியம்.

கடைசியில் 'காஹோலோ': பக்கவாட்டில் ஓரடி, மறுகால் சேர்ப்பு, மீண்டும் ஓரடி, சேர்ப்பு; நான்கு எண்ணிக்கை. முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். நிமிர்ந்தால் தலை மேலும் கீழும் குதிக்கும். சிறுவர்க்குத் தொடை சீக்கிரம் வலிக்கும். சில நிமிடத்துக்கொருமுறை உட்காரவையுங்கள். பதிவுசெய்த இசை வேண்டாம், அது தடுமாறும் பிள்ளைக்காகக் காத்திராது.

இடுப்பை வேகமாக உலுக்குவதையே ஹூலா என்று கற்பிக்கும் இடங்கள் உண்டு. அது தஹிதியின் 'ஓதேஆ'. மதிப்புள்ள கலைதான், ஆனால் வேறு தீவின் சொத்து. பிளாஸ்டிக் புல் பாவாடையையும் தவிருங்கள். 'தீ' (ti) என்ற செடியின் இலையில் பாவாடை கட்ட ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளே கற்றுக்கொள்ளலாம்.

பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு வகுப்பைப் பாருங்கள். ஆடும் பிள்ளை ஒன்றிடம், இந்தப் பாட்டடியில் உன் கை காட்டுவது எதை என்று கேளுங்கள்.