துவக்கு உறை வாங்கும்போது முதலில் அதன் வாயைப் பாருங்கள்

தோல் உறை தைக்கிறவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "அண்ணே, ஒரிஜினல் தோல்தானே?" என்பதுதான். அடுத்தது விலை, அதற்கடுத்தது கறுப்பா மண்ணிறமா. விரலால் இழுத்துச் சுடுகிற விசையை உறை முழுவதும் மூடுமா என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் மிகக் குறைவு, ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய விஷயம் அதில்தான் இருக்கிறது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பெல்ட், பை, செருப்பு வார்தான் அன்றாட வேலை, துவக்கு உறை இடைக்கிடை வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் வங்கிப் பணம் ஏற்றும் வாகனங்களில் போகிற பாதுகாப்பு உத்தியோகத்தர்கள், சில மெய்ப்பாதுகாவலர்கள். தற்பாதுகாப்புக்காகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு கைத்துப்பாக்கி வைத்திருந்த வியாபாரிகளும் முன்பு வருவார்கள். 2024 இறுதியில் அந்தத் துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்ன பிறகு அவர்களின் வரவு குறைந்துவிட்டது. யாராக இருந்தாலும் அனுமதிப்பத்திரத்தைப் பார்க்காமல் அளவெடுக்க மாட்டேன். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய காகிதம், ஆகவே போன வருடத்தையதைக் காட்டி "அதேதானே" என்று சொல்வதும் என்னிடம் எடுபடாது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

அண்மையில் ஒரு தம்பி, காவல் வேலை செய்கிறவர், தையல் விட்டுப்போன உறை ஒன்றைக் கொண்டுவந்து "கரையை மட்டும் தைச்சுத் தாங்கோ" என்றார். காற்சட்டைக்கு உள்ளே செருகுகிற வகை. வேறு யாரோ பல வருடம் பாவித்து இவருக்குக் கைமாறியது. தையல் ஒரு பிரச்சினையே இல்லை, இருபது நிமிட வேலை. நான் பார்த்தது அதன் வாயை. இடுப்புச் சூட்டிலும் வியர்வையிலும் ஊறி ஊறி, உடம்புப் பக்கத்து விளிம்பு துவண்டு உள்நோக்கி மடிந்து, அந்த மடிப்பில் ஒரு கூரான மூலை உண்டாகியிருந்தது. என்னிடம் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரித் துப்பாக்கியை மெதுவாக உள்ளே விட்டேன். அந்த மூலை நேராக, விசையைச் சுற்றியிருக்கும் விசை வளையத்துக்குள் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் அமுக்கினால் தோலே விரலின் வேலையைச் செய்துவிடும். தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உறையை நான் தைத்துக் கொடுக்கவில்லை.

இது கற்பனைப் பயமில்லை. அமெரிக்காவில் இதே மாதிரித் துவண்ட தோல் மடிப்பு விசையை இழுத்து, வாகனத்தில் இருந்தவரின் இடுப்பில் சூடு பட்ட சம்பவம் படங்களோடு வெளிவந்திருக்கிறது. குளொக் போன்ற துப்பாக்கிகளில் தனியாகத் தட்டிவிடுகிற பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. விசையின் நடுவிலேயே ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதையும் சேர்த்து அமுக்கினால்தான் வெடிக்கும். விரலா, தோலா, சேர்ட்டின் நுனியா என்று அந்த நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்ட துவக்கு வைத்திருப்பவருக்கு உறைதான் பாதி பாதுகாப்பு.

ஆகவே கடையில் உறையைக் கையில் எடுத்ததும், முகர்ந்து பார்ப்பதற்கு முன், வெறும் உறையின் வாயை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். சப்பென்று ஒட்டிக்கொண்டால் அப்படியே வைத்துவிட்டு வரலாம். நல்ல உறையில் வாயைச் சுற்றி இன்னொரு பட்டைத் தோல் வைத்துத் தைத்திருப்பார்கள், சிலர் அதற்குள் மெல்லிய உலோகத் தகடும் வைப்பார்கள். துவக்கை உருவிய பிறகும் வாய் திறந்தபடியே நிற்கவேண்டும், ஒரு கையால் பார்க்காமல் திரும்ப வைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். பார்த்து வைப்பதுதான் நல்லது, அது வேறு கதை. அப்புறம், விசை வளையம் முழுவதும் தோலுக்குள் மறைகிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். வெளியே இருந்து விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் அது காட்சிக்கு வைக்கிற உறை. பழைய படங்களில் வருகிற மாதிரி விசை பளபளவென்று வெளியே தெரிகிற வடிவத்தை இன்னமும் சிலர் கேட்டு வருகிறார்கள், நான் அதைத் தைப்பதில்லை.

தோலைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் உங்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான். மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். தென்னிந்தியாவில் காலங்காலமாக ஆவாரம்பட்டையில் பதனிட்டு வந்ததும் இந்த வகைதான். ஈரமாக்கி துவக்கின் வடிவத்துக்கு அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் பைக்கும் சப்பாத்துக்கும் அருமையானது, மெதுமெதுவென்று இருக்கும், ஆனால் அந்த மென்மைதான் இங்கே குறை; வடிவம் நிற்காது, போதாததற்கு அதில் மிஞ்சுகிற உப்பு இரும்பையும் அரிக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டையில் பதனிட்டது உள்ளேயும் மண்ணிறமாகவே இருக்கும், குரோம் தோலின் நடுவில் அநேகமாக ஒரு நீலச் சாம்பல் கோடு தெரியும். ஓரத்தைச் சாயம் பூசி முழுவதும் மறைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். தடிப்பு மூன்று முதல் மூன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். "இது ரெக்சின் இல்லை அண்ணே, எரிச்சுப் பார்த்தேன்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். தோல்தான், சந்தேகமில்லை. மிருதுவான, துவளுகிற, கைப்பைத் தோல்.

எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கிற உறை எதற்குமே சரியாகப் பொருந்தாது. துவக்கின் பெயரையும் இலக்கத்தையும் சொல்லி அதற்கென்று வடித்ததை வாங்குங்கள். குளொக் 17க்கும் 19க்கும் அகலம் ஒன்றுதான், குழலின் நீளம்தான் வித்தியாசம், 17இல் 114 மில்லிமீட்டர், 19இல் 102, அதனால் 19ஐ 17இன் உறையில் வைக்கலாம், அடி மூடிய 19இன் உறையில் 17 முழுதாக இறங்காது. இறங்காவிட்டால் விசை எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழலுக்குக் கீழே விளக்கு பூட்டினால் அளவே மாறிவிடும். புது உறை இறுக்கமாக இருந்தால் பயப்படவேண்டாம். குண்டெல்லாம் எடுத்து, மெகசினைக் கழற்றி, குழலின் பின்னால் குண்டு நிற்கிற அறையையும் கண்ணால் பார்த்து வெறுமையென்று உறுதிசெய்த பிறகு துவக்கை மெல்லிய பொலித்தீன் பையில் சுற்றி உறைக்குள் வைத்து ஓர் இரவு விட்டால் தோல் இணங்கிவிடும். எண்ணெய் பூசி இளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். எண்ணெய் தோலைத் துவளச் செய்யும், துவண்ட தோலின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

துவக்கு வெளியே வராமல் பிடித்து வைக்கிற, பெருவிரலால் தட்டித் திறக்கிற வார் வேண்டுமா என்று கேட்பார்கள். சனநெருக்கத்தில் நிற்கிறவருக்கும், வெளியே தெரிய அணிகிறவருக்கும் கட்டாயம் வேண்டும் என்பேன். பேருந்து நிலையத்தில் பின்னாலிருந்து ஒரு கை உருவுவதற்கு எத்தனை நேரம்? ஆனால் அந்த வார் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் துவக்கைத் திரும்ப வைக்கும்போது அதுவே உள்ளே போய்ச் சிக்கும், ஆகவே விறைப்பாக, வெளிப்பக்கம் விரிந்து நிற்கிற மாதிரி இருக்கவேண்டும். வார் இல்லாமல் தோலின் பிடிப்பு மட்டும் உள்ள உறை என்றால், குண்டெல்லாம் எடுத்த துவக்கை வைத்துத் தலைகீழாகப் பிடியுங்கள், கீழே மெத்தை இருக்கட்டும். விழுந்தால் வேண்டாம்.

பெல்ட்டைப் பற்றி யாரும் நினைப்பதேயில்லை. குண்டு நிறைத்த முழு அளவுக் கைத்துப்பாக்கி ஏறத்தாழ 900 கிராம் வரும். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கின பெல்ட்டில் அதைத் தொங்கவிட்டால் உறை வெளிப்பக்கம் சாய்ந்து, ஓட்டோவில் ஏறி இறங்கும்போதெல்லாம் கைப்பிடி கதவுக் கம்பியில் இடிக்கும், அதைச் சரிசெய்ய நாள் முழுக்கக் கை அங்கேயே போய்க்கொண்டிருக்கும். துவக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவரை மைல் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஒன்றரை அங்குல அகலத்தில் இரட்டைத் தோல் வைத்துத் தைத்த விறைப்பான பெல்ட், உறையின் துளையும் அதே ஒன்றரை அங்குலம், இரண்டுக்கும் இடையில் ஆட்டம் இருக்கக்கூடாது. வாகனத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் முன்சாய்வாகத் தைத்ததை உட்கார்ந்து போட்டுப் பார்த்து வாங்கட்டும், நின்றபடி பார்த்தால் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும்.

இனி கொழும்புக்கே உரிய தொல்லை. இந்த ஊரின் ஈரக்காற்றில் அலுமாரிக்குள் வைத்த சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கிறது, தோல் உறை மட்டும் தப்புமா? வெளிநாட்டில் எழுதிய பராமரிப்புக் குறிப்பு எதுவும் இங்கே முழுதாகச் சரிவராது. வேலை முடிந்து வந்ததும் துவக்கை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, பூட்டிய பெட்டியில் தனியாக வையுங்கள். உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் தோலில் ஊறின வியர்வை உப்பு இரும்பில் செம்புள்ளி போடும். உறையை மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். வெயிலிலும் அடுப்படியிலும் காயப்போட்டால் சுருங்கி வெடிக்கும். பித்தளைப் பொத்தானைச் சுற்றிப் பச்சைக் களிம்பு வந்தால் பழந்துணியால் சுரண்டித் துடையுங்கள், அடிக்கடி வந்தால் பொத்தானை மாற்றுங்கள். கடும் வியர்வைக்காரருக்கு, அதிலும் காற்சட்டைக்கு உள்ளே அணிகிறவருக்கு, என் பிழைப்புக்கு எதிராக இருந்தாலும் சொல்கிறேன், வார்ப்புப் பிளாஸ்டிக் உறை பல வேளை மேல். அது ஊறாது, துவளாது. தோல் இதமாக இருக்கும், சத்தம் போடாது, ஆனால் அதைக் கவனிக்கவேண்டும்.

உறைக்குத் திரும்ப வைக்கிற நேரம்தான் மிக ஆபத்தானது. நம் ஆட்கள் சேர்ட்டை வெளியே விட்டு அணிகிறவர்கள், அதன் நுனி துவக்கோடு சேர்ந்து உள்ளே போகும். சேர்ட்டை மறுகையால் மேலே தூக்கிப் பிடித்து, விரலை விசையிலிருந்து விலக்கி நேராக நீட்டி, குனிந்து பார்த்து, மெதுவாக. ஏதாவது தடுத்தால் அமுக்கக்கூடாது, வெளியே எடுத்து ஏனென்று பாருங்கள். எடுக்கும்போதுதான் அவசரம் வரலாம், வைக்கும்போது என்ன அவசரம்?

உறை என்றைக்கு முடிந்தது என்று கேட்பவர்களுக்கு வருடக்கணக்குச் சொல்ல முடியாது. வாய் மடிகிறதா, விசை வளையத்துப் பக்கத்தில் ஆழமான சுருக்கம் விழுந்திருக்கிறதா, வார் தானாகத் திறந்துகொள்கிறதா என்று மாதம் ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் போய்விட்டது. அதை இன்னொரு ஏழைக் காவலாளிக்குத் தானம் செய்யவேண்டாம், கத்தரிக்கோலால் வாயை இரண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். புதியதுக்கு அளவு கொடுக்க வரும்போது அனுமதிப்பத்திரத்தையும் நீங்கள் அணிகிற அதே பெல்ட்டையும் கொண்டுவாருங்கள். துவக்கு வேண்டாம், மாதிரி என்னிடம் இருக்கிறது.