லூட்டின் மாத்திரை யாருக்குத் தேவை?

கேரட் சாப்பிட்டால் கண்ணாடி பவர் குறையாது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ-வாக மாறுகிறது. அந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் வரும், கண் உலரும், முற்றினால் கருவிழியே உருகிவிடும். சத்து போதுமான அளவு இருப்பவருக்குக் கூடுதல் கேரட்டால் கூடுதல் பார்வை கிடைக்காது.

மாலைக்கண் வந்துவிட்ட குழந்தைக்குக் கேரட் ஊட்டிக் காத்திருப்பது ஆபத்து. உணவிலுள்ள பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 2,00,000 யூனிட் வைட்டமின் ஏ: உடனே ஒரு முறை, மறுநாள் ஒரு முறை, குறைந்தது இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. இதை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு கூடாது, கருவைப் பாதிக்கும்.

கீரை, காய்களில் உள்ள லூட்டின், ஸியாஸாந்தின் என்ற நிறமிகள் வேறு வகை. இவை வைட்டமின் ஏ-வாக மாறுவதில்லை. விழித்திரையின் நடுவில், நுட்பமான பார்வை தரும் மேக்குலாவில் மஞ்சள் நிறமியாகப் படிந்து, நீல ஒளியை வடிகட்டுகின்றன. இவற்றை உடல் தானே தயாரிக்காது; உணவிலிருந்துதான் வர வேண்டும். பசலை, கேல் போன்ற கரும்பச்சைக் கீரைகளில் லூட்டின் மிகுதி. மக்காச்சோளத்திலும் ஆரஞ்சு நிறக் குடைமிளகாயிலும் ஸியாஸாந்தின் உண்டு. முட்டை மஞ்சள் கருவில் அளவு குறைவுதான், ஆனால் கொழுப்போடு இருப்பதால் நன்றாக உறிஞ்சப்படுகிறது. கீரையையும் வதக்கி, சிறிது எண்ணெய் சேர்த்தே சாப்பிடுங்கள். எண்ணெயே இல்லாத பச்சை சாலட்டில் பெரும்பகுதி வீணாகும். கணையக் கோளாறு உள்ளவர்களுக்கும் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எடைக்குறைப்பு மருந்தான ஆர்லிஸ்டாட் எடுப்பவர்களுக்கும் உறிஞ்சுதல் குறையும்.

மாத்திரை விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். வயதானவர்களின் கண்நோய் பற்றி 2013-இல் வெளியான அரெட்ஸ்-2 ஆய்வின் மாத்திரைக் கலவை இது: லூட்டின் 10 மி.கி., ஸியாஸாந்தின் 2 மி.கி., வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம் 80 மி.கி., செம்பு 2 மி.கி. இவ்வளவு துத்தநாகம் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுத்து ரத்தசோகை தரலாம்; அதற்காகத்தான் செம்பு. வயதாவதால் மேக்குலா பழுதாகும் நோயான வயதுசார் மேக்குலா சிதைவு இடைநிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றிவிட்டவர்களுக்கும் நோய் மேலும் முற்றும் வேகத்தை இது குறைக்கும். இழந்த பார்வையைத் திருப்பித் தராது. ஆரம்ப நிலையில் பலன் நிரூபிக்கப்படவில்லை. கண்புரைக்கும் பொதுவாகப் பலன் தெரியவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிய மாத்திரையை எல்லோரும் விழுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அட்டையின் பின்புறம் படியுங்கள். 2001-இன் பழைய கலவையில் லூட்டினுக்குப் பதில் பீட்டா கரோட்டின் 15 மி.கி. இருந்தது. அதிக அளவு பீட்டா கரோட்டின் மாத்திரை புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. புகையை விட்டவர்களும் தவிர்க்க வேண்டும். உணவில் வரும் கரோட்டினுக்கு இந்த அச்சம் வேண்டாம். மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவே. வெண்விழியும் மஞ்சளானால் அது மஞ்சள் காமாலையாக இருக்கலாம், உடனே பரிசோதியுங்கள்.

மேக்குலா சிதைவு உள்ளவர்கள் படிக்கும் கண்ணாடி அணிந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கட்டம் போட்ட தாளை அடிக்கடி பாருங்கள். கோடு திடீரென வளைந்தாலோ, நடுவில் கறுத்தாலோ, விழித்திரைக்கு அடியில் ரத்தநாளம் கசியும் ஈரவகைச் சிதைவாக இருக்கலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசிதான் சிகிச்சை. மாத்திரை வேலை செய்யட்டும் என்று நாள் கடத்தாமல் விழித்திரை மருத்துவரிடம் உடனே போய்விடுங்கள்.