தண்ணீர் ஓடும் டிரைவைக் கழற்றுவது எப்படி

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் சின்னதாக இருந்தால் விசிறிக் காற்றே போதும். 300 கிலோவாட் டிரைவ் என்றால், 2 சதவீதம் வெப்பமாகப் போனாலும் 6 கிலோவாட், அதாவது மூடிய இரும்பு அலமாரிக்குள் மூன்று வீட்டு கீசர்களை நாள் முழுக்க ஓடவிட்ட மாதிரி. அதனால்தான் தண்ணீரும் கிளைக்கால் (glycol) என்ற ரசாயனமும் கலந்த குளிர்விக்கும் திரவத்தை, அதாவது கூலன்ட்டை, உள்ளே ஓடவிடுகிறார்கள். மின்சாரமும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், கழற்றும்போது எது முதலில் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் மின்சாரம். பிரேக்கரை இறக்கிப் பூட்டி, சாவியை நம் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கன்ட்ரோல் சப்ளையும் கூலன்ட் பம்பும் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வரும், அவற்றுக்கும் தனித்தனிப் பூட்டு. சரி, எல்லாம் ஆஃப். ஆனால் டிரைவுக்குள் இன்னும் மின்சாரம் இருக்கிறது.

415 வோல்ட் ஏசி உள்ளே போய் டிசியாக மாறும்போது சுமார் 587 வோல்ட் ஆகிறது, அந்த டிசியைத் தாங்கிப் பிடிக்கக் கெப்பாசிட்டர்கள் வரிசையாக நிற்கும். மொத்தம் 10,000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், அவற்றில் தேங்கியிருப்பது ஏறக்குறைய 1,700 ஜூல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க டாக்டர்கள் கொடுக்கும் ஷாக்கே அதிகபட்சம் 360 ஜூல்தான்.

இந்த மின்னேற்றம் கூடவே இருக்கும் ரெசிஸ்டர்கள் வழியாக மெல்ல வடியும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கதவிலேயே ஒட்டியிருப்பார்கள், சிலவற்றில் 5, சிலவற்றில் 15. அந்தக் கணக்கு ரெசிஸ்டர் நன்றாக இருக்கிற டிரைவுக்கானது. நாம் கழற்றுவதோ பெரும்பாலும் பழுதான டிரைவை! ரெசிஸ்டர் அறுந்திருந்தால் அரை மணி நேரம் கழித்தும் சார்ஜ் அப்படியே நிற்கலாம். அதனால் கடிகாரத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள், அந்த மீட்டரையும் சோதித்த பிறகு. தெரிந்த சப்ளையில் வைத்து அது காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு டிரைவை அளந்து, முடிந்ததும் மறுபடி அதே சப்ளையில் பார்க்க வேண்டும். மீட்டர் ஏசியில் இருந்தால் கெப்பாசிட்டரின் டிசியைப் பூஜ்யம் என்றே காட்டிவிடலாம், இந்தத் தவறு மிகச் சுலபமாக நடக்கிறது. டிசி ஃப்யூஸ் எரிந்திருந்தால் பஸ்பாரில், அதாவது மின்சாரம் ஓடும் தடித்த உலோகப் பட்டையில், பூஜ்யம் இருக்கும், ஃப்யூஸுக்கு அந்தப் பக்கம் கெப்பாசிட்டர் நிறைந்திருக்கும், அதனால் கெப்பாசிட்டர்கள் இருக்கும் மாட்யூல் (கழற்றி எடுக்கும் பெட்டி) பக்கமே அளவெடுங்கள். மோட்டார் பக்கத்து முனைகளையும் விடாதீர்கள், நிரந்தரக் காந்த மோட்டாரின் தண்டு சுற்றினால் அதுவே ஜெனரேட்டர்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் தண்ணீர். கூலன்ட் உள்ளே வரும் வால்வு, வெளியே போகும் வால்வு இரண்டையும் மூடி, அழுத்தத்தை இறக்கி, அடியில் வடிகால் ஓஸை மாட்டி, மேலே காற்றுத் திறப்பைத் திறக்க வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் குபுக் குபுக் என்று தடுமாறி வருமே, அதேதான் இங்கேயும். வடிந்த பிறகும் ஹீட் சிங்க்கின் (சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகப் பாகத்தின்) வளைந்த சந்துகளில் கொஞ்சம் தங்கியிருக்கும், டிரைவைச் சாய்த்ததும் அது நேராக எலக்ட்ரானிக் கார்டின் மேல் கொட்டும். ஆகவே இணைப்பைப் பிரித்த அடுத்த நொடியே இரண்டு வாய்க்கும் மூடி போடுங்கள். கூலன்ட் தரையில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், வழுக்கும். எத்திலீன் கிளைக்கால் விஷம், இனிப்பாக இருப்பதால் நாய்கூட நக்கிவிடும், அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அப்புறம் ஒயர்களுக்கு அடையாளம் எழுதிப் போட்டோ எடுத்துவிட்டு, பஸ்பார் போல்ட்டுகளை எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள், ஒன்று குறைந்தால் அது உள்ளேதான் விழுந்திருக்கும். பெரிய மாட்யூல் நூறு கிலோவைத் தாண்டும், உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் லேசாகச் சாய்ந்தாலே கவிழும். சக்கரம் இருந்தாலும் சரிவுப் பலகை போட்டு, மேலே கொக்கியில் சங்கிலி மாட்டி, இரண்டு பேராக மெல்ல இழுங்கள், கவிழ்ந்தால் விழக்கூடிய பக்கம் யாரும் நிற்காமல்.