சிரிக்கிறாள், ஆனால் பிடிக்கவில்லை

நாலு வயதுப் பையன். முகப்படம் போட்ட ஃபிளாஷ் கார்டை ஒவ்வொன்றாக நீட்டினால் பட்டுப்பட்டென்று சொல்கிறான்: சந்தோஷம், கோபம், சோகம், பயம். பக்கத்தில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவர்கள் என்னிடம் வந்ததே வேறு காரணத்துக்காக. "இவன்கூட விளையாட யாருமே வரமாட்டேங்கிறாங்க மேடம்."

குழந்தைகளுக்கான ஆலோசகர் என்ற முறையில் நான் அடிக்கடி செய்வது, வகுப்பறை மூலையில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்துகொள்வது. அங்கே அவன் ஒரு சிறுமிக்குக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தான். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தோளைக் குறுக்கினாள், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டாள், கண் மிஸ்ஸைத் தேடியது, கால் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனது. அவன் பார்த்ததோ வாயை மட்டும்தான். சிரித்தால் சந்தோஷம் என்றுதானே கார்டு சொல்லிக்கொடுத்திருக்கிறது! கடைசியில் அவள் தள்ளிவிட்டு அழ, இவன் திருதிருவென்று முழித்தான். முரட்டுப் பிள்ளை என்ற பெயர் இப்படித்தான் வந்திருக்கிறது. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கார்டு கெட்டது என்று சொல்லவில்லை. உணர்ச்சிகளுக்குப் பெயர் தெரிய அது உதவும், அவ்வளவுதான். நிஜத்தில் முகம் யாருக்காகவும் அசையாமல் நிற்பதில்லை, கூடவே தோள், கை, கால், குரல் எல்லாம் சேர்ந்து வருகிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால் பாதிதான் பாடம்.

முகம் பார்க்கும் திறமை குழந்தைக்குப் பேச்சுக்கு முன்பே வந்துவிடுகிறது. 1985-இல் வெளியான ஜேம்ஸ் சோர்ஸ் குழுவினரின் ஆய்வு ஒன்று: ஒரு வயதுக் குழந்தைகள் கெட்டியான கண்ணாடிமேல் தவழ்கிறார்கள், பாதி வழியில் கண்ணாடிக்குக் கீழே பள்ளம் தெரிகிறது, எதிர்முனையில் அம்மா. அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 பேரில் 14 பேர் தாண்டிப்போனார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. 1997-இல் பெட்டி ரெப்பாக்கோலி, ஆலிசன் கோப்னிக் இருவரும் செய்த இன்னொரு ஆய்வில், எதிரில் இருந்தவர் பிஸ்கட்டுக்கு முகம் சுளித்து ப்ரோக்கோலியை ரசித்துச் சாப்பிட்டுக் காட்டினார். அப்புறம் கையை நீட்டிக் கேட்டபோது, 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுக்க, 18 மாதக் குழந்தைகள் அவருக்குப் பிடித்ததைக் கொடுத்தார்கள்.

அப்படியானால் நாம் எதைச் சொல்லித்தருவது? வெளியே தெரிவதும் உள்ளே இருப்பதும் வேறாக இருக்கலாம் என்பதை. இது சுமார் நாலிலிருந்து ஆறு வயதுக்குள்தான் மெல்ல மெல்லப் பிடிபடும். மூன்று வயதுப் பிள்ளையிடம் போய் "அவ சும்மா சிரிக்கிறா, தெரியலையா?" என்று அதட்டினால், தெரியாது, அதுதான் நிஜம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது நாமே செய்யும் ஒரு காரியம். பாத்திரத்தை டொம்மென்று வைக்கிறோம், நடையில் கோபம், குரல் இறுகியிருக்கிறது. பிள்ளை கேட்கிறது, "அம்மா, கோவமா?" நாம் சொல்வது: "ஒண்ணுமில்ல, போய் விளையாடு." பிள்ளை சரியாகத்தான் படித்தது, நாம் தப்பு மார்க் போட்டுவிட்டோம். இது தினமும் நடந்தால், தான் பார்த்ததை நம்புவதா, காதில் விழுந்ததை நம்புவதா என்று அது குழம்பாமல் என்ன செய்யும்? "ஆமாம்டா, எரிச்சலா இருக்கு. ஆபீஸ் வேலை முடியல. உன்னால இல்லை." இது போதும். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள், இந்த வயதில் வீட்டில் எது நடந்தாலும் தன்னால்தான் என்று பிள்ளைகள் எளிதில் நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தவர் உடம்புக்கு முன்னால் தன் உடம்பு. நெஞ்சு படபடக்குது, தொண்டை அடைக்குது, வயிறு கலங்குது என்று நம் பேச்சிலேயே உணர்ச்சிகள் உடம்பில்தான் குடியிருக்கின்றன, அந்த வார்த்தைகளைத் தாராளமாகக் கொடுங்கள். ஒரு குட்டிப் பெண் பயத்தை "வயித்துல எறும்பு ஓடுது" என்றாள். நானும் இப்போது அதையே சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் அழுது புரளும் நேரத்தில் "இப்ப உனக்கு எப்படி இருக்கு, சொல்லு" என்று பாடம் எடுக்காதீர்கள். அப்போது மடியும் மௌனமும் போதும், அடங்கின பிறகு பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பையனுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு விளையாட்டு. கிச்சுகிச்சு மூட்டு, நிறுத்து, கையை எடுத்துவிட்டு மூன்று எண்ணு. எதிராளி உன் கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம், தள்ளிப்போனால் போதும் என்று அர்த்தம். புரியவில்லையா, வாயைத் திறந்து கேள். ஊகிப்பது, கேட்டுச் சரிபார்ப்பது, இரண்டும் சேர்ந்ததுதான் திறமை; பெரியவர்களே ஒருவர் முகத்தை வைத்து மட்டும் ஊகித்துத் தினமும் தப்பாகிப்போகிறோம். வீட்டிலும் இதே விதிதான். வந்தவருக்கு முத்தம் கொடு என்று காலுக்குப் பின்னால் ஒளியும் பிள்ளையை முன்னே தள்ளிவிட்டு, அடுத்தவர் உடல்மொழியை மதி என்று எந்த முகத்தோடு சொல்வது?

கண்ணைப் பார்த்துப் பேசு என்று தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம், சில பிள்ளைகளுக்குக் கண்ணைப் பார்ப்பதே பெரும் பாரம். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒன்றரை வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால் காத்திருக்காதீர்கள். காது கேட்கிறதா என்று பரிசோதித்துவிட்டு, குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் காட்டுங்கள்.

ஆறு வாரம் கழித்து அதே மூலையில் போய் உட்கார்ந்தேன். அதே சிறுமிதான். கையை எடுத்தான், உதட்டசைவில் மூன்று எண்ணினான். "இன்னும் வேணுமா?" "வேணாம்." முகம் தொங்கிப்போனது அவனுக்கு. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கட்டைகள் கிடந்த பக்கம் போனான்.